முதல் பத்து கணக்கில்லை

புதன்கிழமை என்றால் காலை ஏழே காலுக்கு நாமக்கல்லில் பேருந்து ஏறிவிடுவேன். இடது பக்கம், ஓட்டுநருக்குப் பின்னால் நான்காவது வரிசை. புதுச்சத்திரம், ஆண்டகளூர் கேட், மல்லூர் என்று போய்ச் சேலம் சேர்வதற்குள் பத்தொன்பது பாலங்கள். மகன் பதினேழு என்கிறான். அவன் இரண்டு சிறு பாலங்களை விட்டுவிடுகிறான். பலமுறை சொல்லிவிட்டேன், கேட்பதில்லை. சேலத்தில் இறங்கி அம்மாபேட்டைக்கு இன்னொரு பேருந்து. அங்கே தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவின் கடைசி வீட்டில் என் சிநேகிதர் இருந்தார்.

பதினொரு புதன்கிழமைகளாக நான் அந்தப் பேருந்தில் ஏறவில்லை.

அவர் சேலத்தில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். நான் நாமக்கல்லில் கிளட்ச் லைனிங், பிரேக் லைனிங் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் சோதனைக்காரன். முப்பத்தொரு வருடம் அந்த ஒரே வேலை. கல்நார்த் தூளும் பிசினும் சேர்த்து வார்த்த துண்டுகளை இயந்திரத்தில் தேய்த்து, எது பிடிக்கிறது, எது நழுவுகிறது, எது தீய்கிறது என்று சொல்ல வேண்டும். இன்றைக்கும் காலையில் எழுந்தால் பதினான்கு முறை இருமுகிறேன். முன்பு பதினொன்று.

எங்கள் பட்டறையில் இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, தராசைப் பார்க்கிறவன் எழுதக் கூடாது. எழுதுகிறவன் தராசைப் பார்க்கக் கூடாது. ஒரே ஆள் இரண்டும் செய்தால் கண் என்ன ஆசைப்படுகிறதோ அதைக் கை எழுதிவிடும். இரண்டாவது, எந்தத் துண்டானாலும் முதல் பத்து அளவுகளை எழுதிக்கொள்ளலாம், கணக்கில் சேர்க்கக் கூடாது. புதுத் துண்டு இயந்திரத்து உருளையின் மேல் படிந்து உட்காருவதற்கே பத்து தடவை ஓட வேண்டும். பதினொன்றிலிருந்து இருபது வரை வருவதுதான் அதன் உண்மையான குணம்.

அவர் மற்ற கடைக்காரர்களைப் போலப் பெட்டியை வாங்கிக்கொண்டு போகிறவர் இல்லை. சோதனையைக் கண்ணால் பார்த்தால்தான் எடுப்பேன் என்று முதல் நாளே உட்கார்ந்துவிட்டார். எழுதுகிற பையன் அன்றைக்கு வரவில்லை. கொண்டா நோட்டை, நான் எழுதுகிறேன் என்றார். அதிலிருந்து இருபத்தாறு வருடம், இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, நான் தராசைப் பார்த்து உரக்கச் சொல்வேன், அவர் எழுதுவார். கொட்டை கொட்டையாக எழுதுவார். பத்தாவது அளவுக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுவார். அந்தப் பத்துக்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளைப் பத்து.

"கல்யாணமாகி மொத பத்து நாளு மாப்பிள்ளை எப்படி இருந்தான்னு எவனாச்சும் கணக்குல எடுப்பானா மச்சான்? பதினொண்ணாம் நாளுதானே தெரியும்" என்பார்.

அவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டதால் அவர் மனைவி எனக்குத் தங்கச்சி ஆனார். நான் மட்டும் அவரைப் பாய் என்றுதான் அழைத்தேன், 'ங்க' போட்டுத்தான் பேசினேன். எங்கள் எருமப்பட்டிப் பக்கத்து வாய் அது, மாறாது. இருவரும் வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு பட்டறைக்கு அவர் வருவது நின்று, அவர் வீட்டுக்கு நான் வாரா வாரம் போவது தொடங்கியது. புதன்கிழமை மட்டும் மாறவில்லை. என் மனைவி போய் ஏழு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வாரத்தில் எனக்கு ஒரு கிழமைதான் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பழைய மோட்டார் கார் நின்றது. அவருடைய அத்தா, அதாவது தகப்பனார், ஓட்டியது. கப்பலில் வந்த வண்டி. முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றினால்தான் எஞ்சின் கிளம்பும். நாற்பத்து மூன்று வருடமாக நகரவில்லை. எஞ்சினைக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து ஓட வைத்துவிட்டுப் போனார். அந்த ஊரில் பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கும் ஒருவர் இதை விலைக்குக் கேட்டிருந்தார், அவர் அனுப்பிய ஆள். எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை. கிளட்ச் பிடிக்கவில்லை.

இந்தக் காலத்து கிளட்ச் தட்டு மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் அது கூம்பு. ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளரைச் செருகினால் இறுகிக்கொள்ளுமே, அப்படி. எஞ்சினோடு சுற்றும் சக்கரம் வெளி டம்ளர். உள் டம்ளரின் மேல் ஒரு தோல் பட்டை சுற்றி, செம்பு ஆணி அடித்திருக்கும். அந்தத் தோலின் பிடிப்பில்தான் வண்டி நகரும். பாயின் வண்டியில் அந்தத் தோல் அப்பளமாக உலர்ந்து, தொட்டால் உதிர்ந்தது.

கோயம்புத்தூர்க்காரர் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே சரி செய்துகொள்கிறேன் என்றார். பாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்கத்தா ஓட்டிட்டு வந்து நிறுத்துன வண்டி. கயித்துல கட்டி லாரியில ஏத்துனா அடக்கம் பண்ண மையத்தத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். அது தன் சக்கரத்துல வாசலைத் தாண்டணும். அது தாண்டுன பொறவு நாங்களும் தாண்டுறோம்" என்றார்.

அவர் தாண்டுறோம் என்றது சென்னைக்கு. மகள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். தங்கச்சிக்கு இதயம் பலவீனம், கால் வீங்கிக்கொண்டே போனது. அங்கே வந்துவிடுங்கள், என் கண் முன்னால் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று மகள் ஒரு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பெரிய டாக்டரிடம் தேதியும் வாங்கிவிட்டாள். பாய் எல்லாவற்றுக்கும் சரி என்றார். வண்டி மட்டும் தன் காலில் போக வேண்டும் என்றார்.

ஆகவே தோலைச் சோதித்துச் சொல்ல வேண்டியவன் நானாகிவிட்டேன்.

பட்டறையை மூடியபோது பழைய சோதனை இயந்திரத்தைக் காயலான் கடைக்குப் போட இருந்தார்கள். நான் அதை என் வீட்டுப் பின்புறத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒரு மோட்டார், அது சுற்றும் இரும்பு உருளை, உருளையின் மேல் துண்டை அழுத்திப் பிடிக்கும் ஒரு கை, அதில் தொங்கும் பத்து கிலோ எடைக்கல். உருளை துண்டை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று ஒரு வில் தராசு காட்டும். அவ்வளவுதான். பத்து கிலோ அழுத்தத்துக்கு இரண்டே கால் கிலோவாவது இழுக்க வேண்டும் என்று அந்த வண்டியின் எடைக்கும் கூம்பின் அளவுக்கும் நான் கணக்குப் போட்டிருந்தேன். மூன்றுக்கு மேலே போகவும் கூடாது. போனால் வண்டி தவளை மாதிரிக் குதிக்கும்.

முதலில் எங்கள் பட்டறையில் மிச்சமிருந்த நவீன லைனிங் ஒன்றைப் போட்டேன். மூன்று புள்ளி தொண்ணூறு கிலோ. குதிக்கும். அடுத்து, அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவர் நெய்து கொடுத்த பருத்திப் பட்டை. அந்தக் காலத்தில் பருத்தியும் ஒட்டக மயிரும் பிரேக்குக்குப் போட்டிருக்கிறார்கள். முறுக்கிய நூலில் நான்கு மடிப்பாக நெய்து, அவரே தட்டிப் பார்த்துக் கொடுத்தார். ஏழாவது அளவில் இஸ்திரி தீய்ந்த வாசம் வந்தது, நிறுத்திவிட்டேன். கடைசியில் ஈரோட்டிலிருந்து எருமைத் தோலே வரவழைத்தேன். காய்ந்தபடியே போட்டால் மூன்று அறுபது. தோலுக்கு எண்ணெய் காட்ட வேண்டும். எங்கள் கிணற்றில் எருது கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில், நீர் மொள்ளும் சாலின் தோலுக்கு அப்பா விளக்கெண்ணெய் ஊற்றி ஊற வைப்பது எனக்குத் தெரியும். தம்பியின் காட்டில் விளைந்த கொட்டமுத்தில், அதாவது ஆமணக்கு விதையில், ஆட்டிய எண்ணெய் இரண்டு லிட்டர் வந்தது. ஆறு நாள் ஊற வைத்து, மூன்று நாள் நிழலில் தொங்கவிட்டேன். தோல் வெற்றிலை மாதிரி மடிந்தது.

இப்படியாக ஏறக்குறைய ஒன்றரை மாதம் போயிற்று. நான் அவசரப்படவில்லை. எவ்வளவு நிதானமாகச் செய்தேன் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதை எண்ணாமல் விட்டேன்.

தங்கச்சியைத் தனியாக விட்டு பாய் நாமக்கல் வர முடியவில்லை. அதனால் எண்ணெய்த் தோலை நான் ஒருவனே சோதித்தேன். நானே பார்த்து நானே எழுதினேன். முதல் விதி அங்கேயே போயிற்று. முதல் அளவு ஒன்று இருபது. பிறகு ஒன்று இருபத்தைந்து, ஒன்று முப்பது. மெல்ல மெல்ல ஏறியது. பத்தாவது அளவு ஒன்று எழுபது.

மோட்டாரை நிறுத்தினேன்.

உருளை சுற்றி நிற்க எப்போதும் பதினாறு வினாடி ஆகும். அந்தப் பதினாறு வினாடியும் நான் கையைச் சுவிட்சிலிருந்து எடுக்கவில்லை. மறுபடி போட்டிருக்கலாம். பதினொன்றாவது என்ன வரும் என்று எனக்குத் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் சோதித்தவனுக்குத் தெரியாதா? ஏறிக்கொண்டு போகிற தோல் அது. தாளை எடுத்து, பத்து எண்களையும் உள்ளது உள்ளபடி எழுதினேன். கீழே 'நழுவுகிறது' என்று எழுதினேன். அந்தத் தாளில் ஒரு எண்கூடப் பொய்யில்லை.

அடுத்த புதன்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தோலு நழுவுதுங்க பாய். வேற தோலு பார்க்கோணும்" என்றேன்.

அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டார். ஆள்காட்டி விரலை ஒவ்வோர் எண்ணின் மேலும் வைத்துக் கீழே இறங்கினார். கடைசி எண்ணில் விரல் நின்றது. தாளைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார். மறுபக்கம் ஒன்றுமில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி" என்றார்.

என் முன்னாலேயே மகளுக்குப் போன் போட்டார். தோல் தயாராகவில்லை, கொஞ்சம் தள்ளிப் போகும் என்றார். மகள் ஏதோ சத்தமாகச் சொன்னாள். தேதி தவறினால் அடுத்த தேதி எப்போது கிடைக்குமோ என்பதுதான் எனக்குப் புரிந்தது.

தங்கச்சி சுக்கு காபி கொண்டுவந்தார். சமையலறையிலிருந்து கூடத்துக்குப் பதினான்கு அடி. எத்தனையோ வருடமாக எண்ணியிருக்கிறேன், கை அசையாமல் பதினான்கு எட்டு வைத்து வருவார். அன்றைக்கு இருபத்திரண்டு எட்டு. நடுவில் இரண்டு முறை நின்றார். ஒரு முறை சுவரைப் பிடித்தார். டம்ளரை என்னிடம் நீட்டியபோது காபி தட்டில் சிந்தியிருந்தது.

"அண்ணனுக்கு இன்னைக்கி தட்டுலயும் காபி" என்று சிரித்தார்.

நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். வரும்போது பாலங்களை எண்ணவில்லை.

அந்த ஏழு நாளும் இயந்திரத்தின் பக்கம் போகவில்லை. தோல் உருளையின் மேலேயே இருந்தது. ஒரு நாள் துணி காயப்போடப் போன மருமகள், என்ன மாமா விளக்கெண்ணெய் நாற்றம் என்று கேட்டாள். சென்னைக்குப் போன் செய்து அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் வைத்தேன். இன்னொரு பக்கம், இந்தப் புதனும் அவர் அங்கே இருப்பார் என்ற நினைப்பு உள்ளே நடமாடிக்கொண்டுதான் இருந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

புதன்கிழமை காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் பாய் நின்றார். முழங்கால் வலியோடு பேருந்தில் வந்திருந்தார். தங்கச்சிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துவிட்டு வந்தாராம். கக்கத்தில் பழைய நோட்டு, சட்டைப் பையில் பேனா. உள்ளே வந்து தண்ணீர்கூடக் கேட்கவில்லை. நேராகப் பின்புறம் போய், இயந்திரத்துக்கு எதிரே கவிழ்த்து வைத்திருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார். என் தாளை எடுத்து, அந்தப் பத்து எண்களையும் நோட்டில் எழுதினார். ஸ்கேல் கொண்டுவரவில்லை போலிருக்கிறது. தாளையே மடித்து அதன் ஓரத்தை வைத்துக் கோடு போட்டார்.

"பதினொண்ணு" என்றார்.

நான் சுவிட்சைப் போட்டேன். தராசின் முள் ஆடி நிற்கும்வரை காத்திருந்து சொன்னேன். ஒன்று எண்பது. அவர் எழுதினார். தராசின் பக்கம் பார்க்கவே இல்லை, என் வாயைத்தான் பார்த்தார். பன்னிரண்டு, ஒன்று தொண்ணூறு. பதின்மூன்று, இரண்டு. பதினைந்தில் இரண்டு இருபது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது, மூன்றும் இரண்டு நாற்பதில் அசையாமல் நின்றன. நாங்கள் சோதித்த எத்தனையோ துண்டுகளில் அவ்வளவு ஒழுங்காக ஒன்று வந்து நான் பார்த்ததில்லை.

மோட்டாரை நிறுத்தினேன். பதினாறு வினாடி.

"பாய், நான் வேணும்னேதானுங்க நிறுத்தினேன்" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். "தெரியும். தாளை வாங்குன அன்னைக்கே தெரியும். கோடு இல்லாம பத்தோட நிக்கிற தாளை நீ எனக்கு என்னைக்குக் குடுத்திருக்கே?"

நான் எடைக்கல்லைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

"ஆனா மச்சான், தெரிஞ்சும் நான் ஏழு நாளு அதைச் சட்டைச் சோப்புல மடிச்சு வச்சுக்கிட்டு சும்மா இருந்தேனே, அதை என்னான்னு எழுதுறது? இவ காலு வீக்கத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ ஒரு மெசினைத்தான் நிறுத்துனே."

பிறகு அவர் எழுந்து, விளக்கெண்ணெய்க் கையைத் துடைக்கத் துணி இருக்கிறதா என்று கேட்டார். அவர் எதையும் தொட்டிருக்கவே இல்லை.

மகள் வாங்கியிருந்த தேதி தவறிவிட்டது. அடுத்த தேதி பதினெட்டு நாள் தள்ளிக் கிடைத்தது. அந்தப் பதினெட்டில் ஏழு என்னுடையதா, அவருடையதா, பாதிப் பாதியா என்று நான் இன்னும் பிரித்து முடிக்கவில்லை.

தோலைக் கூம்பில் சுற்றி இருபத்து நான்கு செம்பு ஆணி அடித்தோம். ஆணித் தலை தோலுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இரும்பில் உரசும். இருபத்து நான்கையும் நகத்தால் தடவிப் பார்த்தேன். கோயம்புத்தூர் மெக்கானிக் வந்து மாட்டினார். கொட்டகையிலிருந்து வாசல்வரை பாயே ஓட்டுவது, அதற்கப்பால் மெக்கானிக் ஓட்டிக்கொண்டு போவது என்று ஏற்பாடு.

தங்கச்சியைப் பின் சீட்டில் ஏறச் சொன்னார் பாய். "எனக்கு விளக்கெண்ணெ வாசம் ஆவாது, கொமட்டும். நீங்களே போங்க மாப்பிள்ளையாட்டம்" என்று தங்கச்சி நாற்காலியை விட்டு எழவில்லை.

மெக்கானிக் கைப்பிடியைச் சுற்றினார். நான்காவது சுற்றில் எஞ்சின் கிளம்பியது. பாய் கிளட்ச் மிதியிலிருந்து காலை எடுத்தார். வண்டி குதிக்கவில்லை, உறுமவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது மாதிரி அவ்வளவு மெதுவாக அந்தத் தோல் பிடித்தது. முப்பத்தேழு அடி. முன் சக்கரம் வாசல் கல்லைத் தாண்டியது, பின் சக்கரம் தாண்டியது. பாய் நிறுத்தி இறங்கினார். ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் ஒரு கணம் வைத்துவிட்டுத்தான் இறங்கினார். மெக்கானிக் ஏறிக்கொண்டார். தெருத் திரும்பி, தறிச் சத்தத்தில் எஞ்சின் சத்தம் கரைந்து போகும்வரை எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு.

நான்கு நாள் கழித்து அவர்கள் ரயிலேறினார்கள். நோட்டை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கேட்கவில்லை.

புதன்கிழமைகளில் பத்தரை மணிக்கு அவர் போன் செய்வார். முதல் வாரம், லிப்டில் ஏறினால் தலை சுற்றுகிறது என்றார். அடுத்த வாரம், தண்ணீர் உப்பு என்றார். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, பள்ளிவாசலுக்கு இரண்டு சாலை தாண்ட வேண்டும், தூக்கம் இல்லை. ஒவ்வொரு வாரமும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "மொதோ பத்து கணக்கில்லீங்க பாய்." அவரும் அதைக் கேட்பதற்காகவே குறை சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன். உள்ளுக்குள் எனக்கு அந்தக் குறைகள் தேவைப்பட்டன. திரும்பி வந்துவிடுவார் என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

அதனால்தான் பதினொன்றாவது புதனை நினைத்துப் பயந்தேன். அன்றைக்கு ஏழே காலுக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பத்து இருபதுக்கே போன் வந்தது.

லிப்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றியும் சொல்லவில்லை. "மச்சான், உன் தங்கச்சி காலு வீக்கம் வத்திருச்சு. இப்ப சமையக்கட்டுலேர்ந்து நிக்காமத்தான் வர்றா" என்றார்.

"எத்தனை எட்டுங்க?" என்றேன்.

"அது யாரு எண்ணுனா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்தாறு வருடம் எழுதியவர் இப்படிச் சொல்லலாமா என்றேன். போனை வைத்துவிடாதீர்கள், இருங்கள், எண்ணிச் சொல்லுங்கள் என்றேன். அவர் போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே குரல் கொடுத்தார். அண்ணன் கேக்குறாரு, ஒரு தடவை நடந்து வா என்றார். அண்ணனுக்கு வேற வேலையே இல்லையா என்று தங்கச்சியின் குரல் தூரத்தில் கேட்டது. நான் பேனாவை எடுத்தேன். கையில் அகப்பட்டது பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்தான்.

"ஒண்ணு" என்றார் பாய். "ரெண்டு. மூணு."

அவர் பார்த்துச் சொன்னார், நான் எழுதினேன். எங்கும் நிற்கவில்லை, ஒரே சீராக வந்தது. ஒன்பதோடு முடிந்தது.

"வீடு சின்னது மச்சான்" என்றார்.

பதினொன்றாவது புதன், ஒன்பது என்று எழுதி, அதற்கு மேலே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன்.